டக் டக் என்று சத்தம் போடும் ஆக்ஸில்: பழையதைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: 2006-ஆம் ஆண்டு சான்ட்ரோ ஜிங் வைத்திருக்கிறேன். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டேன். இன்னும் சில ஆண்டுகள் இதையே ஓட்ட எண்ணம். சில வாரங்களாக ஸ்டீரிங்கை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால் முன்சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. “ஆக்ஸில் போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம்” என்கிறார் மெக்கானிக். ரீகண்டிஷன் ஆக்ஸில் போட்டால் செலவு பாதிக்கும் கீழே வருமாம். ஆனால் பழையதை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டுமாம். உதிரிபாகக் கடையில் ஒரே பொருளுக்கு மூன்று விலை சொல்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் நல்ல பழைய ஆக்ஸில் கிடைக்கும் என்கிறான் மகன். மாதம் ஒருமுறை கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் காரில் போய்வருவது வழக்கம். எதை வாங்குவது?

ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், நாமக்கல்

பதில்:

ஐயா, வணக்கம்.

எதை வாங்குவது என்று பேசுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி செய்யும்வரை காரை மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். ஊருக்குள் கடைத்தெருவுக்கும் வங்கிக்கும் மெதுவாகப் போய்வருவது வேறு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவது வேறு. ஆக்ஸில் என்பது இன்ஜின் விசையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு; அதன் மடங்கும் மூட்டான ஜாயின்ட் உடைந்தால் வண்டி நகராது என்பது பலருக்கும் தெரியும். இறக்கத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் குறைவு. இன்ஜின் விசையை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து தருவது டிஃபரன்ஷியல். ஒரு பக்க ஆக்ஸில் அறுந்தால், அந்தப் பக்கம் வீணாகச் சுற்றும். மறுபக்கத்துக்கும் விசை போய்ச் சேராது. இரண்டாம் கியரில் இன்ஜினின் பிடிப்பை நம்பி இறங்கிக்கொண்டிருக்கும் வண்டி, அந்த நொடியே நியூட்ரலில் இறங்குவதுபோல் ஆகிவிடும். பாதி மலை இறங்கிச் சூடேறியிருக்கும் பிரேக்கின் மேல் முழுச் சுமையும் விழும். ஓரமாக நிறுத்திக் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் துணை. கூடவே சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும்.

சத்தம் கேட்ட மறுநாளே உடையும் என்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் சத்தம் போட்டபடி ஓடும் ஜாயின்ட்டுகள் உண்டு. எப்போது உடையும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். அதுவரை பஸ்ஸில் போய்வாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. இப்போது உங்கள் வண்டியில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த அதே ஆக்ஸில் என்றால், அதைக் கழற்றி யாரிடமும் கொடுக்காதீர்கள். அதன் ஷாஃப்ட்டும் உள் ஜாயின்ட்டும் இன்னும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டுப்போன வெளி ஜாயின்ட்டை மட்டும் தரமான புதியதாக மாற்றுங்கள். இரு முனைகளுக்கும் புது ரப்பர் பூட் (ஜாயின்ட்டை மூடும் மடிப்பு உறை), புது கிரீஸ் போட்டு அதையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இதுதான் என் முதல் தேர்வு. உள் ஜாயின்ட்டும் தேய்ந்திருந்தால் கார் கம்பெனி தரும் முழு ஆக்ஸில். அது கிடைக்காவிட்டால்தான் மற்றவை. ரீகண்டிஷனை இந்த வரிசையின் கடைசியில்தான் வைப்பேன்.

ஏன் என்று புரிய, அந்த ஜாயின்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒரு ஷாஃப்ட் வருகிறது. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட். சக்கரத்தின் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட் கிண்ண வடிவிலான எஃகுக் கூடு. அதன் உட்சுவரில் வளைந்த ஆறு பள்ளங்கள், அவற்றில் உருளும் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகள் விலகாமல் பிடித்துக்கொள்ள ஜன்னல் ஜன்னலாக வெட்டிய ஒரு கேஜ். ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பி, ஜாயின்ட் நாற்பது டிகிரிக்கு மேல் மடங்கி நிற்கும்போதும் சக்கரம் ஒரே சீரான வேகத்தில் சுற்ற இந்த அமைப்புதான் காரணம். அம்பாசிடர், பத்மினி வண்டிகளின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருந்த கிராஸ் ஜாயின்ட், மடங்கிய நிலையில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அங்கே கோணம் சிறியது என்பதால் பாதகமில்லை. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்கிற முன்சக்கரத்துக்கு அது போதாது. ஃபோர்டில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா 1920-களில் இந்தக் குண்டு ஜாயின்ட்டை உருவாக்கினார். 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி கார் அதைச் சாதாரண மக்களின் வண்டிக்குக் கொண்டுவந்தது. மாருதி 800-இல் இருந்ததும் இந்த வகைதான், உங்கள் சான்ட்ரோவில் இருப்பதும் இந்த வகைதான்.

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட் வேறு விதம். மூன்று கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு உருளை. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் கொஞ்சம் நீள வேண்டும், கொஞ்சம் குறுக வேண்டும். அந்த உருளைகள் உள்ளும் புறமுமாக நகர்ந்து அதற்கு இடம் தருகின்றன. ஸ்டீரிங்கோடு மடங்கும் வேலை இதற்கு இல்லை. அதனால்தான் வெளி ஜாயின்ட்டைவிட உள் ஜாயின்ட் பெரும்பாலும் அதிக நாள் உழைக்கிறது.

இந்தப் பள்ளங்களின் மேற்பரப்பு மட்டும் சூடேற்றிக் கெட்டிப்படுத்தப்பட்டது. அந்தக் கெட்டியான தோலுக்குக் கீழே இருப்பது கொஞ்சம் மிருதுவான எஃகு. தோல் முழுதாக இருந்து, கிரீஸும் சுத்தமாக இருந்தால், ஒரு ஜாயின்ட் வண்டியின் ஆயுள் முழுக்க உழைக்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் கிலோமீட்டர் அல்ல, கிழிந்த ரப்பர் பூட்தான். வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் வெடிக்கிறது; ஒவ்வொரு வளைவிலும் அதன் மடிப்புகள் விரிந்து சுருங்கி ஒரு மடிப்பின் அடியில் கீறல் விடுகிறது. சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கிறது, அது போன இடத்தில் மண்ணும் தண்ணீரும் சேர்கின்றன. அதன் பிறகு குண்டுகள் உருள்வதில்லை, அரைக்கின்றன.

ரீகண்டிஷன் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இதுதான்: தேய்ந்த பள்ளத்தைச் சாணை பிடித்து வழவழப்பாக்குகிறார்கள், கொஞ்சம் பெரிய குண்டுகளைப் போட்டு ஆட்டத்தை அடைக்கிறார்கள், புது பூட் மாட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருகிறார்கள். கையில் எடுத்தால் கச்சிதமாக இருக்கும். ஆனால் சாணை பிடித்தபோது போனது அந்தக் கெட்டியான தோல். மீண்டும் கெட்டிப்படுத்தும் வசதி எல்லாப் பட்டறையிலும் கிடையாது. மிருதுவான எஃகின் மேல் கடினமான குண்டு ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெயின்டுக்கு அடியில் யார் எதைச் செய்தார்கள் என்று வாங்குகிறவர் பார்க்க வழியில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, அந்தப் பரிமாற்றத்தில் உங்கள் கையைவிட்டுப் போகும் அசல் ஷாஃப்ட். அதன் தரத்தில் இன்னொன்றைத் திரும்ப வாங்குவது உங்கள் வயதுள்ள வண்டிக்கு எளிதல்ல.

சரி, முதலில் எது கெட்டிருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். ஆளில்லாத மைதானத்தில் வண்டியை எடுத்து, ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முதல் கியரில் மெதுவாக வட்டம் போடுங்கள். பிறகு மறுபக்கம். பிறகு ரிவர்ஸிலும் அதே. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, உடன் ஒருவரைக் கீழே நின்று கேட்கச் சொல்லுங்கள். வெளி ஜாயின்ட் சத்தம் சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத் தாளம் மாறும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கூடும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்வதால், குற்றவாளி பெரும்பாலும் இடப்பக்க ஜாயின்ட்டாக இருக்கும். இதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பும் பக்கத்துச் சக்கரம் அதிகக் கோணத்தில் மடங்குவதால் சில வண்டிகளில் அந்தப் பக்கத்து ஜாயின்ட்டே சத்தம் போடும். காதை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்க்க வேண்டும்.

ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் பூட்டின் மடிப்புகள் அப்போதுதான் நன்றாக விரியும். ரிம்மின் உட்பக்கத்திலும் ஷாக் அப்சார்பரின் அடியிலும் ஒரே கோடாகக் கறுப்பு கிரீஸ் தெறித்துத் தூசி அப்பியிருந்தால், அந்தக் கோட்டுக்கு நேரே பூட் கிழிந்திருக்கும். மறுபக்கம் இப்படி எதுவும் இல்லாமல், பூட் உலர்ந்து முழுதாக இருந்தால், அந்த ஆக்ஸிலைத் தொட வேண்டியதே இல்லை. ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுவதுபோல் ஆக்ஸிலை ஜோடியாக மாற்ற வேண்டிய கட்டாயம் கிடையாது. மெக்கானிக் இரண்டும் என்று சொன்னால், இரண்டாவதில் என்ன குறை என்று காட்டச் சொல்லுங்கள்.

கழற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் நடுவே இருக்கும் பெரிய ஆக்ஸில் நட் சரியான அளவுக்கு முறுக்கப்பட்டிருக்கிறதா? முன்பு யாராவது பேரிங் வேலை செய்து நட்டை அரைகுறையாக முடுக்கியிருந்தால், அதுவும் வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் இதே போல ‘டக்’ என்று கேட்கும். அதைச் சரிசெய்யப் பணமே தேவையில்லை. அதேபோல், வேகம் கூடக் கூட ஊளையிடுவது வீல் பேரிங். மேடு பள்ளத்தில் மட்டும் தட்டுவது ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது பால் ஜாயின்ட். நேரான சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் முன்பக்கம் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அது உள் ஜாயின்ட்டின் அடையாளம். உங்கள் கடிதத்தில் அந்த நடுக்கத்தைப் பற்றி ஒன்றுமில்லை. அதை வைத்துத்தான் உள் ஜாயின்ட் நலமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆக்ஸிலைக் கழற்றிய பிறகு, வெளி ஜாயின்ட்டை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, உங்கள் கண் முன்னால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தின் சுவரை விரல் நகத்தால் மெதுவாக வருடுங்கள். நல்ல ஜாயின்ட்டில் குண்டு ஓடிய தடம் பளபளப்பான பட்டையாகத் தெரியும். நகம் எங்கும் தடுக்காது. கெட்டதில், வண்டி நேராக ஓடும்போது குண்டு தங்கும் இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும், நகம் அதில் இறங்கி ஏறும். சில இடங்களில் தோல் செதில் செதிலாக உரிந்து சொரசொரப்பாக இருக்கும். நகம் தடுக்கிவிட்டால் எந்த கிரீஸும் அதைக் காப்பாற்றாது. “பூட் மாற்றி கிரீஸ் அடைத்தால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால், சத்தம் சில வாரம் அடங்கும், அவ்வளவுதான். தடுக்கவில்லை என்றால் புது ஜாயின்ட்டே வேண்டாம். சுத்தம் செய்து, பூட் மாற்றி, திரும்ப மாட்டிவிடலாம். உங்களுக்குச் சத்தம் வந்துவிட்டதால் அந்த அதிர்ஷ்டத்துக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் மறுபக்க பூட்டில் கீறல் மட்டும் இருந்து சத்தமில்லாவிட்டால், அந்தப் பக்கத்துக்கு இது நிச்சயம் பொருந்தும். அதை இப்போதே செய்துவிடுங்கள். பூட்டின் விலை ஜாயின்ட்டின் விலையில் சிறு பங்குதான்.

இடது வலது வெளி ஜாயின்ட்டுகளை மாற்றி மாட்டிச் சத்தத்தை நிறுத்துகிற பழைய கைவேலை ஒன்றும் உண்டு. வண்டி முன்னோக்கி இழுக்கும்போது பள்ளத்தின் ஒரு சுவர்தான் தேயும்; பக்கம் மாற்றினால் தேயாத சுவருக்குப் பாரம் போகும். யோசனை சரியானதுதான். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குச் சில மாத அவகாசம் தரும். மலையேறும் வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் சொல்லும் மூன்று விலைக்கு வருவோம். கார் கம்பெனிகள் பொதுவாக இந்த ஜாயின்ட்டைத் தாங்களே செய்வதில்லை. ஜி.கே.என்., என்.டி.என். போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்து பல கார் கம்பெனிகளுக்குத் தருகின்றன. ஆக, ஒன்று கார் கம்பெனியின் பெட்டியில் வருவது. ஹூண்டாய்க்கு அது மோபிஸ் பெட்டி. இரண்டாவது, அத்தகைய தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது. மூன்றாவது, பெயர் தெரியாத பெட்டி. இரண்டாவது வகை கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். பெரும்பாலும் முதல் வகையைவிட விலை குறைவு, தரத்தில் கவலை இல்லை. உங்கள் பழைய ஜாயின்ட்டைத் துடைத்துப் பார்த்தால் செய்தவரின் குறி பொறித்திருக்கும். அதே குறி கிடைத்தால் மிக நல்லது.

மூன்றாவது வகையில் முழு ஆக்ஸிலாகவே புத்தம் புதியது சல்லிசாகக் கிடைக்கும். ‘புதுசு’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். நான் அதில் பார்க்கும் குறைகள் பல. பூட்டின் ரப்பர் மெல்லியது, ஒரு கோடைக்கே வெடிக்கும். கிளாம்ப் தளர்வு. ஷாஃப்ட்டின் கனம் அசலிலிருந்து மாறும். நீளமான பக்கத்து ஷாஃப்ட்டின் நடுவில் சில மாடல்களில் ரப்பர் பதித்த கனமான வளையம் ஒன்று இருக்கும். அதிர்வை உறிஞ்சுவதற்காக வைத்தது. பலரும் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மலிவான ஆக்ஸிலில் அதை விட்டுவிடுவார்கள்; மாட்டிய பிறகு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுதும் ரீங்காரம் கேட்கும், காரணம் தெரியாமல் வீல் பேலன்ஸ் செய்துகொண்டிருப்பீர்கள். கழற்றிய ஆக்ஸிலில் அந்த வளையம் இருந்தால், வாங்குவதிலும் இருக்க வேண்டும்.

புதுப்பேட்டையைப் பற்றி உங்கள் மகன் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஜிங் 2003-இல் வந்து 2014 முடியும்வரை விற்ற வண்டி. பாகம் பாகமாகப் பிரித்து விற்க உடைப்புக்கு வந்தவை ஏராளம். அசல் முழு ஆக்ஸில் டீலரிடம் இருப்பில் இல்லாமல், ஜாயின்ட் மட்டும் தரமாகக் கிடைக்காமல் போனால், ரீகண்டிஷனைவிட உடைப்பு வண்டியின் அசல் ஆக்ஸில் எனக்கு மேல். ஒரே நிபந்தனை: பூட்டுகள் இரண்டும் கிழியாமல், தொழிற்சாலையில் நெரித்த அதே கிளாம்ப்புகளோடு இருக்க வேண்டும். கிளாம்ப் மாற்றப்பட்டிருந்தால், கட்டுக்கம்பியோ பிளாஸ்டிக் பட்டையோ சுற்றியிருந்தால், அந்த ஜாயின்ட் ஏற்கெனவே ஒருமுறை திறக்கப்பட்டது என்று பொருள், விட்டுவிடுங்கள். கையில் பிடித்து ஜாயின்ட்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு ஒரே சீராக இறுக்கமாக அசைய வேண்டும். எங்காவது சிக்கினாலோ தொளதொளவென்று ஆடினாலோ வேண்டாம். வாங்கி வந்ததும் பழைய பூட்டை நம்பி மாட்டாமல் புது பூட், புது கிரீஸ் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

எதை வாங்கினாலும் பழைய ஆக்ஸிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். “சான்ட்ரோ எல்லாம் ஒன்றுதான் சார்” என்ற பேச்சைக் கேட்காதீர்கள். 1998-இல் வந்த முதல் சான்ட்ரோ 999 சி.சி.; உங்கள் ஜிங் 1086 சி.சி.; 2018-இல் அதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு வண்டி. ஆட்டோமேட்டிக் கியர் வைத்த ஜிங்கும் உண்டு, கியர்பாக்ஸ் மாறினால் உள் ஜாயின்ட் மாறலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் பார்ட் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடது வலது நீளம் வேறு, பெட்டியில் எல்.எச்., ஆர்.எச். என்று இருக்கும். கடையின் மேசையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள் ஜாயின்ட்டை இரண்டிலும் ஒரே போல உள்ளே தள்ளி, நீளத்தை ஒப்பிடுங்கள். முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்ப்லைன் பற்களை இரு முனையிலும் எண்ணுங்கள். கியர்பாக்ஸின் ஆயில் சீல் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றாக இருக்கிறதா, நட்டின் மரை ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இருந்தால் வெளி ஜாயின்ட்டின் மேல் பல்வளையம் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஜாயின்ட் மட்டும் வாங்கும்போது ஷாஃப்ட் நுழையும் உட்பக்கப் பற்களையும் எண்ண வேண்டும். வெளிப்பக்கம் பொருந்தி உட்பக்கம் பொருந்தாத பெட்டிகள் கடையில் சாதாரணமாகவே மாறி வருகின்றன.

பூட்டோடு வரும் கிரீஸ் பாக்கெட் முழுவதையும் போட வேண்டும். அது மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். வீல் பேரிங் கிரீஸ் டப்பாவிலிருந்து அள்ளி அடைப்பது இங்கே உதவாது. உள் ஜாயின்ட்டுக்கு வேறு கிரீஸ் பாக்கெட் கொடுத்திருந்தால் அதை அங்கேதான் போட வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது. ஆக்ஸிலைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம் என்று விற்கும் இரு துண்டு பூட் வேண்டவே வேண்டாம். மலை வளைவுகளில் ஒட்டிய இடம் முதலில் விடும்.

வேலை நடக்கும்போது முடிந்தால் பக்கத்தில் இருங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்துக் கியர்பாக்ஸிலிருந்து கழற்றக் கூடாது. உள் ஜாயின்ட் பிரிந்துவிடும். கம்பியை கியர்பாக்ஸ் ஓரத்தில் கொடுத்து நெம்பித்தான் எடுக்க வேண்டும். சக்கரப் பக்கத்து முனையைச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் மரை போய்விடும். ஆக்ஸில் வெளியே வந்ததும் அந்தப் பக்கத்து ஆயில் சீலை மாற்றிவிடுங்கள், பிறகு ஒழுகினால் இதே வேலையை முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும். ஆக்ஸில் நட் புதிது போட வேண்டும், ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று முடுக்கி விட்டுவிடக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடுக்க வேண்டும். சிறிய கார்களிலும் இது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். உங்கள் மாடலின் சரியான அளவை டீலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த நட் தளர்ந்திருந்தால் வீல் பேரிங் சீக்கிரமே போய்விடும். கடைசியாக, ஆக்ஸிலைக் கழற்றும்போது கியர் ஆயில் வெளியே வந்திருக்கும். அதைத் திரும்ப நிரப்பினார்களா என்று கேட்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். அந்த மறதிக்குக் கியர்பாக்ஸே விலையாகலாம்.

கேரண்டி பற்றியும் ஒரு சொல். பொருளுக்குத் தரும் கேரண்டி வேலைக்கூலிக்கும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, பில்லில் பிராண்ட், பார்ட் நம்பர், எந்தப் பக்கம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். மாட்டிய பிறகு ஊருக்குள்ளேயே சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு ஒருமுறை டார்ச் அடித்து, கிளாம்ப் ஓரத்தில் கிரீஸ் கசிகிறதா, சீலில் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் உலர்ந்திருந்தால் மலைக்குப் போகலாம்.

ஜாயின்ட்டைத் திறந்து பார்த்த பிறகும் முடிவெடுக்க முடியாவிட்டால் மீண்டும் எழுதுங்கள். எந்தப் பக்கம், பள்ளத்தில் நகம் தடுக்கியதா, உள் ஜாயின்ட்டின் உருளைகள் எப்படி இருந்தன, ஸ்ப்லைன் பற்கள் எத்தனை, பழைய ஜாயின்ட்டில் பொறித்திருக்கும் குறி என்ன ஆகிய ஐந்தையும் குறிப்பிடுங்கள். கடைக்காரர் காட்டும் பெட்டியின் பார்ட் நம்பரையும் சேர்த்து அனுப்பினால், பணம் கொடுப்பதற்கு முன்பே அது பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.